அமெரிக்காவில் பெரிய விளையாட்டுக் கார்டு சேகரிப்பை விற்பது எப்படி: ஆவணங்கள், செலவு, கால அளவு

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் வீடுகளில், பேஸ்மென்ட்டிலோ பரணிலோ, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட விளையாட்டுக் கார்டுகளின் பெட்டிகள் அடுக்கிக் கிடப்பது அரிதல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வளர்ந்த பிள்ளைகள் சேர்த்துவிட்டு வேலை, திருமணம் என்று கிளம்பிப் போனபோது விட்டுச்சென்றவையே பெரும்பாலானவை. எங்கள் வீட்டுக் கதை சற்று வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒஹாயோவுக்கு வேலைக்கு வந்த என் மாமனார், பேஸ்பாலில் மனத்தைப் பறிகொடுத்து, பணி ஓய்வுக்குப் பிறகும் கார்டுகள், கையொப்பமிட்ட பந்துகள், சட்டைகள், பழைய டிக்கெட்டுகள் என்று வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் காலமான பின் அவற்றை விற்றுக் கணக்கு முடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே தெரியாத நிலையில் தொடங்கி, பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முன்னதாக ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய சேகரிப்பு என்பது ஒரே சரக்கு அன்று. அதற்குள் நான்கைந்து வகைச் சரக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் வேறு, சந்தை வேறு, காத்திருக்க வேண்டிய காலமும் வேறு. மொத்த மதிப்பில் பெரும்பகுதி நூற்றில் நாலைந்து கார்டுகளிலேயே அடங்கியிருக்கும். அந்த நாலைந்து எவை என்று உங்களுக்குத் தெரியாமலும், வாங்க வருபவருக்கு மட்டும் தெரிந்தும் இருந்தால், விலையை அவரே தீர்மானிப்பார். எனவே பின்வரும் படிகளில் பாதிக்கு மேல் விற்பனைக்கு முந்தைய வேலைகளாகவே இருக்கும்.

1. விற்கும் உரிமையை ஆவணத்தில் உறுதிசெய்யுங்கள்

சேகரித்தவரே உயிருடன் இருந்து விற்கிறார் என்றால் அடுத்த படிக்குச் செல்லலாம். காலமானவருடைய சேகரிப்பு எனில், உயில், வாரிசுரிமை விவகாரங்களைக் கவனிக்கும் அந்த மாவட்டத்து ப்ரோபேட் நீதிமன்றம் சொத்தின் நிர்வாகியாக ஒருவரை நியமித்துக் கொடுக்கும் சான்று கைக்கு வரும்வரை ஒரு கார்டைக்கூட விற்காதீர்கள். உயில் இருந்தால் அதில் பெயரிடப்பட்டவரும், உயில் இல்லையேல் நெருங்கிய வாரிசும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சொத்து சிறியதாக இருந்தால் பல மாநிலங்களில் நீண்ட நடைமுறை இல்லாமல் எளிய உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாக இருக்கும். அதற்கான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் நீதிமன்ற அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் ஏல நிறுவனத்திடம் செல்லும்போது இந்தச் சான்றின் நகல், இறப்புச் சான்றிதழ், உங்கள் புகைப்பட அடையாள அட்டை, உங்கள் வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம் (கையெழுத்திட்டது), வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். விற்ற பணம் பல வாரிசுகளுக்குப் பிரியப் போகிறதென்றால், காலமானவரின் சொத்துக்கென்று ஐ.ஆர்.எஸ். என்ற மத்திய வரித்துறையிடம் தனி வரி எண் பெற்று, அந்த எண்ணில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, அதில் மட்டும் பணம் பெறுவது நல்லது. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிப் பின்னர் பிரித்துக் கொடுத்தால், வரி அறிக்கை முழுத்தொகைக்கும் உங்கள் பெயரில் வரும். மைத்துனர்களுக்கும் கொழுந்தியாள்களுக்கும் விளக்கம் சொல்லும் வேலையும் சேர்ந்துகொள்ளும். எதை விற்பது, எதை நினைவாக வைத்துக்கொள்வது என்பதை எல்லா வாரிசுகளும் மின்னஞ்சலில் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே பெட்டிகளைத் திறப்பது உறவுக்கும் நல்லது.

2. துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள், வீட்டுக் காப்பீட்டை நம்பாதீர்கள்

கார்டின் விலை அதன் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, அச்சு நடுவில் அமைந்துள்ள விதம் ஆகிய நான்கில் இருக்கிறது. ஈரத்துணியால் துடைப்பது, மடங்கிய மூலையை நகத்தால் நிமிர்த்துவது, பழைய பிளாஸ்டிக் தாளில் ஒட்டிக்கொண்டதை இழுத்து எடுப்பது ஆகிய மூன்றும் விலையைக் குறைக்கும் செயல்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அடுக்குகள் இருந்தால் பேண்டை உருவாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். உருவினால் மேல் கார்டின் இரு பக்கமும் அரைவட்டக் கீறல் விழும். திருகு போட்டு இறுக்கிய தடித்த பிளாஸ்டிக் பெட்டிகளில் இருப்பவற்றை மெல்லத் திருகு கழற்றி எடுத்து, முதலில் பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய உறையிலும், பிறகு டாப்லோடர் எனப்படும் கெட்டி உறையிலும் போட்டு வையுங்கள். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு கார்டுக்குச் சில சென்ட்டுகளே ஆகும்.

உறை பிரிக்கப்படாத பாக்கெட்டுகளும் பெட்டிகளும் கண்ணில் பட்டால் அவற்றை அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பிரிக்கப்படாத பழைய பெட்டிக்குத் தனிச் சந்தை உண்டு. அதற்கு அசல் என்று சான்றளிக்கும் நிறுவனங்களும் உண்டு.

பேஸ்மென்ட் ஈரமாக இருந்தால் பெட்டிகளை மேல்மாடிக்கு மாற்றுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களுக்கு மிகக் குறைந்த வரம்பே வைத்திருக்கும். விற்று முடிக்கச் சில மாதங்கள் ஆகும் என்பதால், அந்த இடைக்காலத்துக்கு மட்டும் சேகரிப்புப் பொருள்களுக்கான தனிக் காப்பீடு எடுப்பது வீண்செலவு ஆகாது.

3. ஆண்டுவாரியாகப் பிரியுங்கள்

இதுவே முழு வேலையின் மையம். ஆட்டக்காரர்களின் பெயர் தெரியாதவர்களும் இதைச் செய்ய முடியும், ஏனெனில் முதற்பிரிவு ஆண்டைப் பொறுத்தது. கார்டின் பின்புறம் ஆட்டக்காரரின் ஆட்டக் கணக்கு ஆண்டுவாரியாக அச்சிடப்பட்டிருக்கும். கடைசி வரியில் உள்ள ஆண்டுடன் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் கார்டு வெளிவந்த ஆண்டு கிடைக்கும். சான்றாக, பேஸ்பால் கார்டின் கடைசி வரி 1967 என்றால் அது 1968-ஆம் ஆண்டுக் கார்டு.

முதற்குவியல், 1980-க்கு முந்தையவை. இவற்றில் பெயர் தெரியாத ஆட்டக்காரரின் கார்டுக்கும் ஏதோ ஒரு விலை உண்டு. 1950-களையும் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்தவை என்றால், மூலை மழுங்கியிருந்தாலும் வாங்க ஆள் உண்டு. ஒஹாயோ வீடுகளில் இருக்க வாய்ப்புள்ளவற்றில் சிலவற்றை மட்டும், ஆண்டு, அச்சிட்ட நிறுவனம், ஆட்டக்காரர், கார்டு எண் என்ற வரிசையில் சொல்கிறேன்: 1958 டாப்ஸ் ஜிம் பிரவுன் (எண் 62), 1963 டாப்ஸ் பீட் ரோஸ் (எண் 537), 1968 டாப்ஸ் நோலன் ரையன் (எண் 177). ரோஸ் கார்டில் நான்கு முகங்களும், ரையன் கார்டில் இரண்டு முகங்களும் சிறு படங்களாக இருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் அவற்றைச் சாதாரணக் குவியலில் போட்டுவிடுவார்கள்.

இரண்டாம் குவியல், 1980 முதல் 1986 வரை. இது இடைநிலை. இதில் தேட வேண்டியது அறிமுக ஆண்டுக் கார்டுகளை: 1980-81 டாப்ஸ் கூடைப்பந்து வரிசையில் லாரி பேர்டும் மேஜிக் ஜான்சனும் சேர்ந்து வரும் கார்டு, 1981 டாப்ஸ் ஜோ மான்டானா (எண் 216), 1984 டாப்ஸ் டான் மரீனோ (எண் 123), எல்லாவற்றுக்கும் மேலாக 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன் (எண் 57). அந்த ஃப்ளீர் வரிசை முழுவதும் 132 கார்டுகளே. கூடைப்பந்து அட்டைகள் ஒரு கட்டாகக் கிடைத்தால் 132 என்ற இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் குவியல், ஏறத்தாழ 1987 முதல் 1993 வரை. நம்மவர் வீட்டு பேஸ்மென்ட்டுகளை நிறைத்திருப்பவை பெரும்பாலும் இவையே. டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர், அப்பர் டெக் ஆகிய நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சடித்துக் குவித்ததாலும், வாங்கிய எல்லோரும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று பத்திரமாக வைத்ததாலும், இன்று இவற்றுக்கு விலையே இல்லை. ஐயாயிரம் கார்டு கொள்ளும் ஒரு நீளப்பெட்டி இருபது முப்பது டாலருக்குப் போனாலே பெரிது. பிள்ளைகள் பத்து வயதில் பாக்கெட் காசு சேர்த்து வாங்கியவை என்பதால் இந்தச் செய்தியை வீட்டில் எவரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். விதிவிலக்குகள் சில உண்டு: 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் (எண் 1), 1990 டாப்ஸில் ஃபிராங்க் தாமஸ் பெயர் அச்சாகாமல் விடுபட்ட கார்டு (எண் 414), 1993-இல் அப்பர் டெக் வெளியிட்ட எஸ்.பி. வரிசையின் டெரெக் ஜீட்டர் (எண் 279). இவற்றைப் பொறுக்கி எடுத்தபின் மிச்சத்தில் நேரம் செலவிடாதீர்கள்.

நான்காம் குவியல், 1994 முதல் வந்தவை. பளபளக்கும் குரோம் அட்டைகள், வரிசை எண் பொறித்தவை, கையொப்பம் அல்லது சட்டைத் துணித் துண்டு பதித்தவை ஆகியவற்றைத் தனியே எடுங்கள். '25-இல் 7' என்பதுபோல் எண் பொறித்திருந்தால் மொத்தம் 25 மட்டுமே அச்சிடப்பட்டன என்று பொருள். 1996-97 டாப்ஸ் குரோம் கோபி பிரையன்ட் (எண் 138), 2003-04 டாப்ஸ் குரோம் லெப்ரான் ஜேம்ஸ் (எண் 111) ஆகியவை இக்காலத்தின் தலைமைக் கார்டுகள்.

ஒரு பொறி இங்கே உண்டு. புகழ்பெற்ற பழைய கார்டுகள் மறுபதிப்பாகவும் வந்துள்ளன. 1952-ஆம் ஆண்டு வரிசையை டாப்ஸ் நிறுவனமே 1983-இல் மறுபடி அச்சிட்டது. அதைத் தவிரப் போலிகளும் ஏராளம். ஜோர்டன் கார்டில் போலி மிகுதி. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் கார்டில் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் தொடர்ச்சியான மையாக இருக்கும். படமெடுத்து மறுபடி அச்சிட்டதில் எழுத்துக்குள்ளேயே புள்ளிகள் தெரியும். இது இறுதிச் சோதனை அல்ல என்றாலும், வீண் நம்பிக்கையில் கிரேடிங், அதாவது கார்டைச் சோதித்துத் தரமிடும் சேவைக்குக் கட்டணம் கட்டுவதைத் தவிர்க்கும்.

4. பட்டியலிடுங்கள்

எல்லாக் கார்டுகளையும் எழுத வேண்டியதில்லை. இருபது டாலருக்கு மேல் போகும் என்று தோன்றுபவற்றை மட்டும் ஆண்டு, நிறுவனம், கார்டு எண், ஆட்டக்காரர், கண்ணுக்குத் தெரியும் குறை என்ற ஐந்து நிரல்களில் எழுதுங்கள். மிச்சத்தை "1988 டாப்ஸ், ஒரு நீளப்பெட்டி" என்று பெட்டிக்கணக்கில் குறித்தால் போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் முன்புறம், பின்புறம் இரண்டும் தெரியும்படி படமெடுங்கள். வீட்டுக்கு வரும் வியாபாரி பார்க்கும் முன்பே இப்படங்கள் உங்களிடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நல்ல கார்டுகளை ஒரு பெட்டியின் நடுவில் சேர்த்து வைத்துவிட்டு, கடைசியில் "இந்த ஒரு பெட்டியை மட்டும் மொத்தமாகக் கொடுங்கள்" என்று கேட்டார். பட்டியல் இருந்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

5. கேட்கும் விலையை விட்டு விற்ற விலையைப் பாருங்கள்

2022 ஆகஸ்டில் 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு யாரும் பெட்டியைத் திறக்க வேண்டாம். அது, கார்டுகளைச் சோதித்துத் தரமிடும் எஸ்.ஜி.சி. நிறுவனம் பத்துக்கு 9.5 தரம் கொடுத்த கார்டு. அதே கார்டு 1 அல்லது 2 தரத்தில் இருந்தால் விலை அதில் மிகச் சிறிய பகுதியே. ஒரே கார்டின் விலை தரத்துக்குத் தரம் பல மடங்கு மாறும் என்பதைப் புரிந்துகொண்டவர் பாதிக்கிணறு தாண்டியவர்.

ஈபே தளத்தில் தேடும்போது 'விற்பனையானவை' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். விற்காமல் தொங்கும் விளம்பரங்களில் எவரும் எந்த விலையும் எழுதலாம். பேரம் பேசி முடிந்த உண்மை விலையை 130பாயின்ட் தளம் காட்டும். தரமிட்ட கார்டுகளின் ஏல விலைகளை, தரமிடும் இன்னொரு நிறுவனமான பி.எஸ்.ஏ. தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. கடைசி மூன்று மாதங்களில் விற்ற குறைந்தது மூன்று நான்கு விலைகளைப் பார்த்து நடுவிலையைக் குறியுங்கள். அச்சிட்ட விலைப்பட்டியல் இதழ்களில் உள்ள தொகை சந்தையில் கிடைப்பதைவிடப் பொதுவாக அதிகமாகவே இருக்கும்.

காலமானவரின் சேகரிப்பு எனில், இறந்த தேதியை ஒட்டிய விற்பனை விலைகளைத் திரைப்பிடிப்பு எடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். இது ஏன் என்பது வரிப் பகுதியில் விளங்கும்.

6. எதைக் கிரேடிங்குக்கு அனுப்புவது

கிரேடிங் என்பது கார்டு அசலா, ஓரம் வெட்டப்பட்டதா, வண்ணம் பூசப்பட்டதா என்று சோதித்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட், சி.ஜி.சி. ஆகியவை இங்கே மதிக்கப்படுபவை. மறுவிற்பனையில் பி.எஸ்.ஏ. உறைக்கே பொதுவாக விலை கூடுதல். பழங்காலக் கார்டுகளுக்கு எஸ்.ஜி.சி. உறையையும் வாங்குபவர்கள் விரும்புகிறார்கள். வேறு பெயர்களில் ஏற்கெனவே உறையிட்ட கார்டுகள் பெட்டியில் இருந்தால், அவற்றின் மேல் 10 என்று எழுதியிருப்பதை விலையாகக் கணக்கிடாதீர்கள்.

கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்தது. மலிவான நிலையில் ஒரு கார்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 டாலர் வரையும், விலையுயர்ந்தவற்றுக்கு நூற்றுக்கணக்கான டாலரும் ஆகும். போகவர அஞ்சல், காப்பீடு தனி. நீங்கள் குறிப்பிட்ட மதிப்பைவிடக் கார்டு உயர்ந்த தரம் பெற்று மதிப்பு அடுத்த நிலைக்குப் போனால், கட்டணத்தையும் அடுத்த நிலைக்கு உயர்த்திவிடுவார்கள். மலிவுச் சேவையில் கார்டு திரும்பி வர வாரங்கள் என்று எழுதியிருந்தாலும் மாதங்கள் என்றே திட்டமிடுங்கள். 2021 மார்ச்சில் கார்டுகள் குவிந்துபோய் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்ததும் உண்டு.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் கார்டுக்குக் கிடைக்கும் என்று நினைக்கும் தரத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி, அந்தத் தரத்தில் விற்ற விலையைப் பாருங்கள். அந்த விலையிலிருந்து கிரேடிங் கட்டணத்தையும் அஞ்சல் செலவையும் கழித்த பிறகும், உறையிடாமல் விற்றால் கிடைக்கும் தொகையைவிட மிகுதியாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். எல்லோரும் 10 கிடைக்கும் என்று எண்ணித்தான் அனுப்புகிறார்கள். 9 கிடைத்தாலே பல நவீனக் கார்டுகளில் கட்டணம்கூடத் திரும்பாது. மாறாக, 1970-க்கு முந்தைய நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டு தேய்ந்திருந்தாலும் அனுப்பலாம். அங்கே வாங்குபவர் முதலில் கேட்பது அசல்தானா என்பதை.

அனுப்பும் கார்டுகளைக் கெட்டியான டாப்லோடரில் வைக்காமல், பென்னி ஸ்லீவில் இட்டுக் கார்டு சேவர் என்ற வளையும் உறையில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஸ்லீவின் மேல்விளிம்பில் சிறு காகித நாக்கு ஒன்றை ஒட்டிவிட்டால், அங்கே கார்டை வெளியே எடுப்பவர் மூலையை இடிக்காமல் எடுப்பார். ஏல நிறுவனத்தின் வழியாகவே விற்கப் போகிறீர்கள் என்றால் நீங்கள் அனுப்பத் தேவையில்லை. அவர்களே அனுப்பிக் கட்டணத்தை விற்பனைத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

7. கையொப்பங்கள், சட்டைகள், பிற நினைவுப் பொருள்கள்

இப்பகுதியில் ஏமாற்றம் மிகுதி. பொருளுடன் அழகிய சான்றிதழ் ஒன்று இருப்பதனாலேயே அது அசலாகிவிடாது. 1990-களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில் பிடிபட்ட கும்பல்கள், போலிக் கையொப்பத்துடன் போலிச் சான்றிதழையும் சேர்த்தே விற்றிருந்தன. இன்று சந்தை ஏற்பவை பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்றின் சான்றுகளே. மேஜர் லீக் பேஸ்பால் 2001 முதல் ஒட்டிவரும் ஹாலோகிராம் வில்லையும் நம்பத்தக்கது. வில்லையின் எண்ணை அவர்கள் தளத்தில் இட்டால் பொருளின் விவரம் வரும்.

ஓர் அணியே கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் பழைய பந்துகளில், புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரை உடைமாற்று அறைப் பணியாளர்கள் எழுதிக் கொடுத்ததும் உண்டு. எனவே பந்தைக் கட்டணம் கட்டி அனுப்பும் முன் படத்தைக் காட்டி முதற்கருத்துக் கேளுங்கள். சில நிறுவனங்கள் சிறு தொகைக்கு இணையத்திலேயே இதைச் செய்கின்றன. ஆட்டத்தில் அணிந்த சட்டை என்று சொல்லப்படுவதற்கு, பழைய ஆட்டப் படங்களுடன் துணியின் கறை, தையல், எழுத்தின் இடம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் சான்றே விலையை உயர்த்துகிறது. வாங்கிய ரசீது, ஆட்டக்காரருடன் நிற்கும் படம், கடிதம், உறை எதுவாக இருந்தாலும் தூக்கி எறியாமல் பொருளுடனேயே வையுங்கள். மாமனாரின் பழக்கம், டிக்கெட்டின் அடிக்கட்டையை அந்த ஆட்டத்தின் நிகழ்ச்சிநிரல் புத்தகத்துக்குள் செருகி வைப்பது. அப்படிச் சேர்ந்தே கிடைத்தவற்றுக்குத் தனித்தனிப் பொருள்களைவிட நல்ல விலை வந்தது. தலையாட்டும் பொம்மைகள், சுவர்க் கொடிகள், குளிர்பானக் கோப்பைகள் போன்றவற்றை ஒரே கட்டாகப் போட்டு விற்றுவிடுங்கள்.

8. எங்கே விற்பது

வழிகள் நான்கு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல் குவியலுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வதே சரி.

உயர்மதிப்புக் கார்டுகளுக்கு ஏல நிறுவனம். டல்லாஸில் ஹெரிட்டேஜ், நியூ ஜெர்சியில் கோல்டின், ராபர்ட் எட்வர்ட் ஆக்ஷன்ஸ் ஆகியவை பெயர் பெற்றவை. வாங்குபவரிடம் ஏலத் தொகைக்கு மேல் ஏறத்தாழ 20 சதவீதம் வசூலிப்பார்கள் என்பதால், விற்பவரிடம் கேட்கும் கழிவு பேசித் தீர்க்கக்கூடியது. நல்ல சரக்கு இருந்தால் விற்பவர் கழிவைச் சுழியமாக்கச் சொல்லிக் கேளுங்கள். மிக நல்ல சரக்கு என்றால் வாங்குபவர் தரும் கூடுதலிலேயே பங்கு தரவும் முன்வருவார்கள். பெரிய ஏலங்களுக்குப் பொருளை இரண்டு மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஏலம் முடிந்து பணம் வர மேலும் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம். கிரேடிங்கும் சேர்ந்தால் அரையாண்டுக்கு மேல் ஆகும்.

இருபது முதல் சில நூறு டாலர் வரை போகும் கார்டுகளுக்கு ஈபே. கட்டணம் ஏறத்தாழ 13 சதவீதம். புதிய கணக்குக்கு எத்தனை பொருள் விற்கலாம் என்ற வரம்பும், பணத்தைச் சில வாரம் நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே கணக்கை முன்கூட்டியே தொடங்கி, சிறு கார்டுகளை விற்றுப் பழகிக்கொள்ளுங்கள். படமெடுத்து, விவரம் எழுதி, உறையிட்டு, அஞ்சலில் சேர்க்க ஒரு கார்டுக்கு ஆகும் நேரத்தைப் பெருக்கிப் பார்த்தால், பத்து டாலர்க் கார்டுகளை இப்படி விற்பது கூலிக்குக் கட்டாது. அந்த வேலையைக் கழிவு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்பவர்களும் ஈபேயில் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வியாபாரியிடம் மொத்தமாக விற்பது. சந்தையில் விற்கும் விலையில் பாதி முதல் 70 சதவீதம் வரையே தருவார்கள். அது கொள்ளை அல்ல. கடை வாடகை, தேங்கும் சரக்கு, அவருடைய உழைப்பு எல்லாம் அதில் அடக்கம். வேலையை ஒரே வாரத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் இதுவே வழி. குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். நல்லவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுச்செல்ல இடம் கொடுத்தால், மிச்சத்தை வாங்க எவரும் வரமாட்டார்கள். நடுத்தரக் கார்டுகளுடன் சாதாரணப் பெட்டிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, கண்காட்சிகள். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடு இவற்றில் பெரியது; 2025-இல் சிகாகோ அருகே ரோஸ்மான்ட்டில் நடந்தது. ஏல நிறுவனங்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், பட்டியலையும் சில கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் பல இடங்களில் பேசிவிடலாம்.

9. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

ஏல நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பொருள் அவர்கள் கையில் இருக்கும்போது காப்பீடு யார் பொறுப்பு, எந்தத் தொகைக்கு என்று பாருங்கள். எந்த ஏலத்தில் வைப்பார்கள் என்பது மாதத்துடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் இல்லாத வாராந்தர ஏலத்தில் தள்ளிவிடலாம். பல கார்டுகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் உரிமை அவர்களுக்கு இருந்தால், எந்த மதிப்புக்கு மேல் தனியே விற்க வேண்டும் என்று எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் என்ன, விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, படமெடுக்கக் கட்டணம் உண்டா என்பவற்றையும் கேளுங்கள். முன்பணம் தருவதாகச் சொன்னால் அதற்கு வட்டி உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பொருளும் பெயரிட்டு எழுதிய ரசீது வாங்க வேண்டும். "இரண்டு பெட்டி கார்டுகள்" என்று எழுதிய ரசீது ரசீதே அல்ல.

10. அனுப்புதலும் பணம் பெறுதலும்

ஃபெட்எக்ஸ் விதிகளின்படி விளையாட்டுக் கார்டு உள்ளிட்ட சேகரிப்புப் பொருள்களுக்கு அறிவிக்கக்கூடிய மதிப்பு 1,000 டாலருக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கவுன்ட்டரில் அதிகத் தொகை எழுதிப் பணம் கட்டியிருந்தாலும் இழப்பீடு அந்த வரம்பைத் தாண்டாது. விலையுயர்ந்தவற்றுக்கு அஞ்சல் துறையின் பதிவு அஞ்சலே ஏற்றது: 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம், கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் பதிவு உண்டு. மெதுவாகப் போகும். பெட்டியின் எல்லா இணைப்புகளிலும் முத்திரை குத்தக்கூடிய பழுப்புக் காகித ஒட்டுநாடாவையே ஒட்ட வேண்டும்; பளபளக்கும் பிளாஸ்டிக் நாடா ஒட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புத்தகங்களுக்கான மலிவு அஞ்சல் கட்டணம் கார்டுகளுக்குப் பொருந்தாது. பெரிய சேகரிப்பாக இருந்தால் ஏல நிறுவனத்தின் ஆளே வீட்டுக்கு வந்து எடுத்துச்செல்வார், தயங்காமல் கேளுங்கள்.

நேரில் வாங்க வருபவர்களை வீட்டுக்கு அழைக்காமல் வங்கியிலோ காவல் நிலைய முன்கூடத்திலோ சந்தியுங்கள். கேட்ட விலைக்கு மேல் காசோலை அனுப்பி மிச்சத்தைத் திருப்பித்தரச் சொல்பவர் மோசடிக்காரர். ரொக்கமாகப் பெற்றது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் மொத்தமாகவே வங்கியில் செலுத்துங்கள். வங்கி அதற்கு அறிக்கை அனுப்பும். அதனால் உங்களுக்குத் தீங்கில்லை. அறிக்கையைத் தவிர்க்கச் சிறு தொகைகளாகப் பிரித்துக் கட்டுவதுதான் குற்றம்.

11. வரி

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளை விற்ற ஆதாயத்துக்கு மத்திய அரசு வரி அதிகபட்சம் 28 சதவீதம். பங்குகளுக்கான குறைந்த விகிதத்தை இதற்குப் போட்டுக் கணக்கிட வேண்டாம். தம்பதியராகக் கணக்குக் கொடுப்பவர்களின் வருமானம் 250,000 டாலரைத் தாண்டினால் மேலும் 3.8 சதவீதம் சேரலாம். மாநில வரி தனி.

மரபுரிமையாக வந்தவற்றுக்குச் சலுகை பெரியது. இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பே உங்கள் கொள்முதல் விலையாகக் கருதப்படும். அதற்கு மேல் கிடைத்த தொகைக்கு மட்டுமே வரி. முன்பு சேமிக்கச் சொன்ன திரைப்பிடிப்புகள் இதற்குத்தான். பெரிய தொகை என்றால் அந்தத் தேதிக்கு எழுத்துமூல மதிப்பீடும் பெற்றுக்கொள்ளுங்கள். சேகரித்தவரே உயிருடன் இருக்கும்போது உங்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டால், எழுபதுகளில் அவர் கொடுத்த விலையே உங்கள் கொள்முதல் விலையாகிவிடும். "அப்பா இப்போதே என் பெயருக்குக் கொடுத்துவிடட்டும்" என்று பிள்ளைகள் சொல்வது நல்லெண்ணத்தில்தான். வரிக்கணக்கில் அது நட்டமாக முடியக்கூடும் என்பதால் முதலில் கணக்காளரைக் கேளுங்கள்.

உங்கள் விற்பனைத் தொகையைத் தெரிவித்து இணையத் தளங்கள் அனுப்பும் 1099-கே என்ற வரிப் படிவத்துக்கான வரம்பு சில ஆண்டுகள் குழப்பத்துக்குப் பின், 2025 ஜூலைச் சட்டத்தால் 20,000 டாலர், 200 விற்பனை இரண்டையும் தாண்டினால் என்ற பழைய நிலைக்கே திரும்பியது. சில மாநிலங்களில் வரம்பு இதைவிடக் குறைவு. படிவம் வராவிட்டாலும் ஆதாயத்தைக் காட்டியே ஆக வேண்டும். படிவத்தில் வருவது கட்டணம் கழிக்காத மொத்தத் தொகை என்பதால் கழிவு, கிரேடிங், அஞ்சல் ரசீதுகளை எல்லாம் சேர்த்து வையுங்கள். கணக்குக் காட்ட வேண்டியது படிவம் 8949-இலும் ஷெட்யூல் டி-யிலும். விற்ற பணத்தில் மறுபடி கார்டு வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். சுயதொழில் வரியும் சேரும். பெரிய தொகை ஆண்டின் நடுவில் வந்தால், அடுத்த ஏப்ரல் வரை காத்திராமல் அந்தக் காலாண்டிலேயே மதிப்பீட்டு வரியைக் கட்டிவிட்டால் அபராதம் இராது.

12. மிஞ்சிய பெட்டிகள்

ஐயாயிரம் கார்டு கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ இருபது பவுண்டு கனக்கும். அஞ்சல் செலவே விலையை மிஞ்சும். அக்கம்பக்கத்து விளம்பரத் தளத்தில் "நேரில் வந்து எடுத்துச்செல்பவருக்கு மட்டும்" என்று போட்டு, எல்லாப் பெட்டிகளையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள். நன்கொடையாகவும் கொடுக்கலாம், பள்ளிக்கூடங்களுக்கும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் கார்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும் அமைப்புகள் உள்ளன. வரிச்சலுகை கோரும் நன்கொடை 500 டாலரைத் தாண்டினால் படிவம் 8283 தேவை. 5,000 டாலரைத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். சாதாரணப் பெட்டிகள் அந்தத் தொகையை எட்டப்போவதில்லை, ஆகவே வாங்கிக்கொண்டதற்கான கடிதம் ஒன்றைப் பெற்றுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.